கை நீட்டாத ஒரு படம்

ஜூன் 3, செவ்வாய்

ஒரு கேமரா வாங்கப்போகிறேன். சின்னது. சுடிதார் பையில் போட்டால் இருப்பதே தெரியக்கூடாது. முடிவெடுத்து அரை மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் மனசு கண்டபடி குதிக்கிறது. குதிக்க வேண்டிய நேரமே இல்லை இது.

காரணத்தை எழுதிவிடுகிறேன். அம்மாவுக்குக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அம்மா குப்பை அள்ளுகிறாள். ‘தூய்மைப் பணியாளர்’ என்று எழுதினால்தான் மரியாதையாம். மரியாதையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கையுறை கொடுங்கள். மே 27 அன்று தொட்டியில் கிடந்த உடைந்த டியூப் லைட் வலது கட்டைவிரலின் அடியைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். வைத்தியச் செலவு கேட்டதற்குக் கம்பெனி இப்படிப் பதில் அனுப்பியிருக்கிறது: பணி நேரத்தில் பாதுகாப்புக் கையுறையைக் கழற்றியது கடும் அலட்சியம், வேலையிலிருந்து ஏன் நீக்கக்கூடாது, ஜூன் 25 மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் விசாரணை. கூடவே அன்று காலை எடுத்த வருகைப் படம். மூன்றாம் வரிசையில் அம்மா. இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருக்கிறாள். இரண்டிலும் ஆரஞ்சுக் கையுறை.

படம் பொய் இல்லை. அதுதான் எரிச்சல்.

முப்பத்தாறு பெண்கள், பன்னிரண்டு ஜோடிக் கையுறை. காலை ஆறு மணிக்கு மூன்று வரிசையாக நிற்க வேண்டும். சூப்பர்வைசர் தினகர் முதல் வரிசையைப் போனில் எடுப்பான். உடனே கையுறைகள் கழன்று இரண்டாம் வரிசைக்குப் போகும். அது முடிந்ததும் மூன்றாம் வரிசைக்கு. பிறகு எல்லாம் ஒரு சாக்கு மூட்டைக்குள். மூட்டை ஷெட்டுக்குள். பெண்கள் வெறுங்கையோடு தெருவுக்குள்.

“எங்க வரிசைக்கு வர்றப்போ உள்ள வெதுவெதுன்னு இருக்கும்டி. யாரோ இப்பத்தான் தூங்கி எழுந்த பாய் மாதிரி” என்றாள் அம்மா.

அந்தக் கை மாறும் நிமிடம் எனக்குப் படமாக வேண்டும். கிடைத்தால் அம்மாவுக்கு வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் இல்லை.

ஜூன் 4, புதன்

போன் எதற்கு இருக்கிறது என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு காலையில் போனோடு போனேன். ஷெட்டுக்கு எதிரே டீக்கடை. வரிசை கட்ட இன்னும் நேரம் இருந்தது. அம்மாவோடு வேலை செய்யும் செல்லக்கிளி அக்கா தன் வீட்டுக்காரரைப் பற்றித் தெருவே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தாள். சும்மா ஒன்று எடுத்துப் பார்க்கலாம் என்று போனைத் தூக்கினேன்.

செல்லக்கிளி அக்கா பாதி வசவில் வாயை மூடினாள். விறைத்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள் நீட்டினாள். அடுத்தவளைப் பார்த்து ரெஜினா அக்கா டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு நீட்டினாள். ஒரு நொடியில் பதினைந்து பேர் என்னைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என்னமோ நான் வளையல் போட வந்தவள் மாதிரி.

“அக்கா, நான்தான். கைய இறக்குங்க.”

“தெரியும்டி. அதுவா போவுது, நான் இன்னா பண்ணட்டும்?”

நாலு வருடப் பழக்கம். போன் உயர்ந்தால் கை உயர்கிறது. நானும் சிரித்தேன், அவர்களும் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் சிரிப்பு நின்றது.

தினகரும் பார்த்துவிட்டான். “இன்னாமா, வீடியோவா? இங்கல்லாம் எடுக்கக் கூடாது.” அவன் கண் போனை மட்டும்தான் தேடுகிறது என்பதையும் குறித்துக்கொண்டேன்.

இன்னொன்று. எடுத்த படத்தில் அம்மாவின் முகம் மைதா மாவில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. என் போன் கேட்காமலே வெளுப்பாக்குகிறது. ஜெராக்ஸ் கடையில் நான் நாள் முழுக்கச் செய்யும் வேலையும் அதுதான். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் கறுப்பை எடு, மருவை எடு, தழும்பை எடு. வீட்டிலாவது அம்மா அம்மாவாக இருக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

பர்மா பஜார். ஆஹா. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது சின்னக் கேமராக்கள் அட்டைப்பெட்டிக் கோழிக்குஞ்சு மாதிரி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வெள்ளி, சிவப்பு, ரோஸ், கறுப்பு. எல்லாம் யாரோ வைத்திருந்து விற்றவை.

கடைக்காரன் பெயர் இம்தியாஸ். என் வயது இருக்கும். சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கும் துணி.

“என்ன எடுக்கப் போறீங்க சிஸ்டர்? கல்யாணமா, டூரா?”

“மனுஷங்கள. அவங்களுக்குத் தெரியாம.”

அவன் ஒரு அடி பின்னால் போனான்.

“அப்படி இல்ல. எடுக்கறாங்கன்னு தெரிஞ்சா விறைச்சுக்குவாங்க. விறைக்கக் கூடாது.”

“கேண்டிட்! அப்படிச் சொல்லுங்க.”

அந்த வார்த்தை எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு ஆல்பம் பிரின்ட் போட வரும் ஸ்டுடியோக்காரர்கள் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். பெண்ணை வாழைமரத்துப் பக்கம் திருப்பி, சிரி, இன்னும் கொஞ்சம் வெட்கப்படு என்று ஏழு தடவை சொல்லி எடுப்பதற்குப் பெயர் கேண்டிட். இம்தியாஸிடம் சொன்னேன். கவுன்டரைத் தட்டிச் சிரித்தான். பிறகு மெகாபிக்சல் பற்றி இருபது நிமிடம் பேசினான். எனக்கு எத்தனை பிக்சலும் வேண்டாம், சத்தம் வரக்கூடாது, போன் மாதிரி இருக்கக்கூடாது, சட்டென்று எடுக்க வேண்டும் என்றேன்.

“ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போங்க. புடிக்கலன்னா மாத்திக்குங்க. ஏதாவது ஒண்ணு வச்சுட்டுப் போங்க, நம்பிக்கைக்கு.”

பையில் பி.காம். சான்றிதழ் இருந்தது, ஏதோ வேலைக்கு விண்ணப்பிக்கப் பிரதி எடுத்துவிட்டுப் பையிலேயே விட்ட அசல். அதையே கொடுத்தேன். மூன்று வருடம் படித்ததற்குக் கிடைத்த முதல் பலன்.

ஜூன் 6, வெள்ளி

முதல் கேமரா, வெள்ளி நிறம். நீண்ட தூரம் ஜூம் போகும். பட்டனை அழுத்தியதும் லென்ஸ் ஸ்ஸ்ர்ர்ரென்று ஆமைத் தலை போல வெளியே வந்தது, கடைசியில் ‘டிங்’ என்று ஒரு மணி. டீக்கடை மாஸ்டர் திரும்பினார். நாய் திரும்பியது. முப்பத்தாறு பேரும் கை நீட்டினார்கள்.

ஜூன் 7, சனி

பக்ரீத். கடை மூடல். கேமரா என்னிடமே இருக்கிறது. தெருவில் ஆட்டைத் தவிர எல்லாவற்றையும் எடுத்தேன்.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது, ரோஸ் நிறம். இதில் ஒரு விசேஷம்: எதிரில் இருப்பவர் சிரித்தால் தானாகவே படம் எடுக்கும். நாம் பட்டனைத் தொடவே வேண்டாம். கையில் சாதுவாகப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று இம்தியாஸ் சத்தியம் செய்தான்.

நின்றேன். கையுறை கை மாறியது. யாரும் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் எவள் சிரிப்பாள்? கேமரா கம்மென்று இருந்தது. பிறகு கிளிக், கிளிக், கிளிக் என்று எடுத்துத் தள்ளியது. பார்த்தால், ஷெட்டுச் சுவரில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் பேனர். அதில் பல் முழுக்கத் தெரியச் சிரிக்கும் ஒரு வட்டச் செயலாளர். அவரை மட்டும் நாற்பத்தொரு படம்.

சிரித்த முகத்தைத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் கேமராவை எந்த முதலாளி கண்டுபிடித்தானோ.

மாலையில் இம்தியாஸிடம் நாற்பத்தொன்றையும் காட்டினேன். அவனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். கேமரா அவனை இரண்டு படம் எடுத்துவிட்டது. அவற்றை அழிக்கவில்லை. கார்டில் இடம் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மூன்றாவது. சத்தமில்லை, லென்ஸ் நீளாது, மணி அடிக்காது. ஆனால் நிதானமானவர். பட்டனை அழுத்தினால் யோசித்து, தொண்டையைச் செருமி, பிறகு எடுக்கிறார். அதற்குள் உலகம் நகர்ந்துவிடுகிறது. கிடைத்தவை: தினகரின் முதுகு, ஒரு நாயின் வால், சைக்கிளின் பின் சக்கரம், செல்லக்கிளி அக்காவின் பாதிக் கொண்டை. அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யத் தகுதியான கேமரா.

ஆனால் வரிசை கட்டும் முன் எடுத்த நாலைந்து தப்பாமல் விழுந்திருக்கின்றன. பெண்கள் சாதாரணமாக நிற்கிறார்கள். ஒருத்திகூடக் கை நீட்டவில்லை! டீக்கடை பெஞ்சிலேயே எழுந்து ஒரு குதி குதித்தேன். அப்படியென்றால் முடியும்.

ஜூன் 14, சனி

அந்த நாலைந்து படங்களை இம்தியாஸ் தன் கடை டிவியில் போட்டுப் பார்த்தான். கடையில் கூட்டம். சார்ஜர் வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

“நல்லா எடுத்திருக்கீங்க. ஆனா எல்லாத்துலயும் இவங்கதான் நடுவுல இருக்காங்க. கைல பிளாஸ்டிக் கவர் சுத்தி இருக்காங்களே. யார் இவங்க?”

“தெரியாது. அங்க வேலை செய்றவங்க.”

“உங்களையே பாக்கறாங்க.”

“கேமராவைப் பாத்திருப்பாங்க.”

கூட்டமாக இருந்தது, அவசரம், எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. கல்லூரி விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று போட்டேன், ஜெராக்ஸ் கடையில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் பன்னிரண்டு ஜோடி வாங்கியவர்கள்.

இன்று அவன் என்னைச் ‘சிஸ்டர்’ என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. சும்மா கவனத்தில் பட்டது, எழுதினேன்.

ஜூன் 16, திங்கள்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

கறுப்பு. சோப்புக் கட்டி அளவு. ஓரமெல்லாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது. லென்ஸ் உள்ளேயே இருக்கும், ஜூம் இல்லை, கிட்டப் போனால்தான் கிட்டத் தெரியும். பட்டனை அழுத்தினால் இமை மூடித் திறக்கிற சத்தம்கூட இல்லை. அழுத்திய நொடியில் எடுத்துவிடுகிறது. கண்ணாடிப் பெட்டியில் இல்லை இது, கீழே அட்டைப்பெட்டியில் உடைசல்களோடு கிடந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

“அது வேணாங்க. ஸ்கிரீன் அடிபட்டிருக்கு, கீழ் பாதி தெரியாது. மெனு பூரா ஜப்பான் பாஷை. அங்கருந்து மூட்டையா வர்ற சரக்கு.”

“ஆன் பண்ண ஜப்பான் பாஷை வேணுமா?”

“வேணாம்.”

“பட்டன் அழுத்த?”

“வேணாம். ஆனா உங்களுக்கு என்ன எடுக்கறீங்கன்னே தெரியாதே.”

“மனுஷங்கள எடுக்கறேன். அது போதும்.”

பணத்தை வாங்கிக்கொண்டு சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தான். பிளாஸ்டிக் உறை புதிதாகப் போட்டிருந்தான். ஓரம் மடங்கியிருந்ததாம், நிமிர்த்தினானாம். ஒரு சான்றிதழுக்கு இவ்வளவா.

ஜூன் 17, செவ்வாய்

கழுத்தில் கயிறு கட்டி, துப்பட்டாவுக்குக் கீழே, லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி, வயிற்றுப் பக்கம் தொங்கவிட்டேன். டீ குடிப்பது போல நின்றேன். கட்டைவிரல் மட்டும் வேலை செய்தது. தினகர் என்னைப் பார்த்தான், கையில் டீ கிளாஸ் இருந்தது, போன் இல்லை, திரும்பிக்கொண்டான். முதல் வரிசை கழற்றியது. இரண்டாம் வரிசை மாட்டியது. மூன்றாம் வரிசை. சாக்கு மூட்டை. தினகர் குனிந்து வாயைக் கட்டினான்.

எல்லாவற்றையும் எடுத்தேன். பத்தடி தூரத்தில் நின்று எடுத்தேன். ஒருத்தியும் கை நீட்டவில்லை. டீயில் சர்க்கரை போட்டார்களா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை எனக்கு.

ஜூன் 19, வியாழன்

நிறுத்த முடியவில்லை. மூன்று நாளாகக் கண்ணில் படுவதையெல்லாம் எடுக்கிறேன். பஸ்ஸில் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு கணக்கு டீச்சர்கள். ஏ.டி.எம். வாசலில் ஏ.சி. காற்றுக்காகக் கதவைத் திறந்து திறந்து மூடும் காவலாளி. வெறுங்கையால் தொட்டிக்குள் தோள்வரை விட்டுத் துழாவும் ரெஜினா அக்கா, அவளைத் தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு போகும் அபார்ட்மென்ட்காரர். அவர் மூக்கைப் பொத்திய கையில் தங்கக் காப்பு. ஒரே படத்தில் இரண்டு கையும்! நான் ஒன்றும் செய்யவில்லை, அவர்களே வந்து நின்றார்கள்.

மத்தியானம் கடை வாசலில் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆதார் பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் தள்ளுவண்டி அந்தப் பக்கம் போனது. கையை ஆட்டினாள் போல. பிரதியில் மை சரியாக விழவில்லை, நான் உள்ளே போய்விட்டேன்.

எடுத்ததையெல்லாம் இன்னும் பெரிதாகப் பார்க்கவில்லை. முதலாளி இருக்கும்போது கார்டைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டால், யார் இவர்கள் என்று கேட்பார். திங்கள்கிழமை அவர் ஊருக்குப் போகிறார்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவின் தையல் பிரித்தாயிற்று. கட்டைவிரல் மடங்கவில்லை. மடங்கும் என்கிறாள்.

ஜூன் 23, திங்கள்

நான் ஒரு முட்டாள்.

நூற்று எழுபது படம். எல்லாம் கூர்மை. சாக்கு மூட்டையைக் கட்டும் தினகரின் முகம், மீசை மயிர்வரை தெரிகிறது. எல்லாப் படத்திலும் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் ஒரு தேதி: 2009, ஜனவரி 1.

திரையின் கீழ்ப் பாதி செத்துப்போனது என்றால் அங்கே எழுதியிருப்பதும் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய சொந்தக்காரர் தேதி அச்சாகும்படி வைத்திருக்கிறார். உள்ளே கடிகாரத்துக்கு இருக்கும் பொட்டு பேட்டரி செத்திருக்கிறது, அதனால் ஒவ்வொரு முறையும் முதல் தேதிக்கே போய்விடுகிறது.

நாளை காலை புதிதாக எடுக்கலாமா? அதுவும் முடியாது. இன்றிலிருந்து வரிசை ஷெட்டுக்குள்ளே. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எடுக்கிறான். விசாரணை வருகிறதே, யாரோ புத்தி சொல்லியிருக்கிறார்கள்.

தேதியை அழிக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். தினமும் மருவும் தழும்பும் அழிக்கிற கை. முதல் படத்தில் அழித்தும் பார்த்தேன். சுத்தமாகப் போய்விட்டது. சுத்தமாகப் போனதைப் பார்த்ததும் பயம் வந்தது. ‘எடிட் செய்த படம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நூற்று எழுபதும் குப்பை. அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன். தேதியோடு இருபது பிரின்ட் போட்டேன்.

அம்மாவிடம் காட்டினேன். தேதியைப் பற்றிச் சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை. டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“நான் இப்டித்தான் நிக்கறேனா?”

“ஆமா.”

“கூன் உழுந்துச்சுடி எனக்கு” என்று சிரித்தாள். பிறகு, “ரெஜினா படத்துல நல்லாக் கீறா” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

பஜாருக்கு ஓடினேன். கேமரா இந்த மாதம்தான் விற்றது, கடிகாரம் செத்தது என்று யாராவது வந்து சொல்ல வேண்டும். சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

“நாளைக்கு ஒரு விசாரணை. நீங்க வரணும்.”

“யாருக்கு விசாரணை?”

கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சொன்னேன். எங்கள் அம்மா, குப்பை அள்ளுகிறாள், கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றியவள் என்று சொன்னேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாகப் போய்விட்டது. சார்ஜர் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் பேரத்தை நிறுத்தினார்.

“தெரியுங்க” என்றான் இம்தியாஸ்.

“எப்படி?”

“ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அந்த மூக்க டிவில நாப்பது இஞ்சுல பாத்தேன்.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனே. தெரியாதுன்னீங்க.”

விசாரணை எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

ஜூன் 25, புதன்

வந்த வேகத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

மண்டல அலுவலகம், முதல் மாடி. நீள மேசை. நடுவில் சுகாதார அலுவலர் மேடம், கண்ணாடி போட்டவர், ஃபைல் கட்டு அவருக்கு முன்னால் இடுப்பளவு. இடது பக்கம் கம்பெனி மேனேஜர், டை, லேப்டாப். அவருக்குப் பக்கத்தில் தினகர். வலது பக்கம் அம்மா. துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்றார்கள், செல்லக்கிளி அக்கா நானும் வருவேன் என்று உள்ளே வந்துவிட்டாள், யாருக்கும் தடுக்கத் தைரியம் இல்லை.

“நீங்க யாரு? பத்திரிகையா?” என்று மேடம் என்னைக் கேட்டார்.

“லோகநாயகி பொண்ணு. படம் நான்தான் எடுத்தேன்.”

இருபது படங்களையும் மேசைமேல் பரப்பினேன். மேடம் குனிந்தார். ஒன்றை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். மேனேஜரும் ஒன்றை எடுத்துப் பார்த்தார், முகம் கறுத்தது, பிறகு மெல்ல வெளுத்துச் சிரிப்பாயிற்று.

“மேடம், தேதியப் பாருங்க. 2009. எங்க கம்பெனி இந்த ஏரியாவுக்கு வந்தே நாலு வருஷம்தான். எங்கயோ எப்பவோ எடுத்தத கொண்டாந்து காட்றாங்க.”

“கேமராவுல கடிகாரம் செத்துப்போச்சு மேடம்” என்றேன். “வித்தவரே வந்திருக்கார்.”

சாட்சி என்று சொல்லி ஓர நாற்காலியில் உட்கார வைத்திருந்த இம்தியாஸ் எழுந்தான். இஸ்திரி போட்ட சட்டை. சொல்ல வேண்டியது ஒரு வரிதான். ஆனால் வாய் திறந்ததும் கடைக்காரனாகிவிட்டான்.

“மேடம், இது நல்ல லென்ஸ். வெளிச்சம் கம்மின்னாலும் எடுக்கும். உள்ள ஒரு பொட்டு பேட்டரி மட்டும் வீக்கு. அத மாத்திட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும். உங்கள மாதிரி சைட் விசிட் போறவங்களுக்கு, ஹேண்ட்பேக்ல வச்சுக்க...”

“நான் கேமரா வாங்க வரலீங்க” என்றார் மேடம்.

“வித்தவன் வாங்கினவங்களுக்குத்தான மேடம் பேசுவான்” என்றார் மேனேஜர். அவ்வளவுதான். நூற்று எழுபது படமும் மேசையிலிருந்து சரிந்து கீழே போவது போல இருந்தது எனக்கு. அம்மாவின் வேலையும் அவற்றோடு.

அப்போது அம்மா, பரப்பியிருந்த படங்களில் ஒன்றை இடது கையால் எடுத்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“தினகர் தம்பி, ஒனக்கு இன்னா வயசாவுது?”

“எதுக்குக்கா?”

“சும்மா சொல்லேன்.”

“இருபத்தாறு.”

அம்மா படத்தை மேடத்தின் முன் வைத்தாள். சாக்கு மூட்டை. ஆரஞ்சுக் கையுறைகள். குனிந்து வாய் கட்டும் தினகர், மீசையோடு, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு. மூலையில் 2009.

மேடம் படத்தைப் பார்த்தார். தினகரைப் பார்த்தார். மறுபடி படத்தை. விரல் விட்டு எண்ணுவது தெரிந்தது.

“பத்து வயசு!” என்று கத்தினாள் செல்லக்கிளி அக்கா. “பத்து வயசுல மீசையப் பாரேன்! ஏங்க சார், சின்னப் புள்ளைய வேலைக்கு வெச்சா ஜெயில்ல போடுவாங்களாமே, மெய்தானா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கதவுக்கு அந்தப் பக்கம் என்ன ஆகிறதோ என்று வந்து நின்ற மற்றப் பெண்கள் முப்பது பேரும் கேட்டுவிட்டார்கள், படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“சரி சார், ஒங்க பேச்சுக்கே வர்றேன்” என்றாள் செல்லக்கிளி அக்கா. “2009-ன்னே வெச்சிக்குங்க. அப்போ பதினாறு வருசமா குடுக்கலன்னு எழுதிக்குங்க மேடம்.”

தினகர் தலை நிமிரவில்லை. அவனைப் பார்க்க ஒரு நிமிடம் பாவமாகக்கூட இருந்தது. பன்னிரண்டு ஜோடி போதும் என்று முடிவு செய்தவன் அவன் இல்லை. முடிவு செய்தவர்கள் எந்தப் படத்திலும் வருவதில்லை.

மேடம் நோட்டீஸை ரத்து செய்தார். முப்பத்தாறு ஜோடி, ஆளுக்கு ஒன்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்று எழுதினார். பிறகு யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தார்: இனி வருகைப் படம் வரிசை வரிசையாக எடுக்கக்கூடாது, முப்பத்தாறு பேரும் கையுறையோடு ஒரே படத்தில் தெரிய வேண்டும். வைத்தியச் செலவு பற்றிக் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்றார். அந்தப் ‘பார்க்கலாம்’ எனக்குத் தெரியும். அதற்கு வேறு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசலில் ஒரே கூச்சல். யாருக்கும் ஆணை வேண்டாம், படம்தான் வேண்டும். ரெஜினா அக்கா தன்னுடையதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். செல்லக்கிளி அக்கா இம்தியாஸை மேலும் கீழும் பார்த்தாள்.

“யார்ரா நீ? லோகு பொண்ணுக்கு இன்னா வேணும்?”

“கேமரா வித்தவன்க்கா.”

“வித்துட்டல்ல? அப்புறம் இன்னாத்துக்கு நிக்கற?”

அவனுக்குக் காது இரண்டும் சிவந்தன. நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் எதுவும் இல்லை.

ஜூன் 28, சனி

பொட்டு பேட்டரி மாற்ற பஜாருக்குப் போனேன். பத்து நிமிட வேலை. மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

ஜூலை 7, திங்கள்

கையுறை வந்துவிட்டது. முப்பத்தாறு ஜோடி. எல்லாம் ஆண்கள் அளவு. அம்மாவின் கை உள்ளே மீன் மாதிரி நீந்துகிறது. தலைமுடி ரப்பரை மணிக்கட்டில் மாட்டி இறுக்கிக்கொண்டார்கள். இதற்கும் ஒரு மனு எழுத வேண்டும்.

ஷெட்டுக்குள் முப்பத்தாறு பேர் நிற்க இடமில்லை, அதனால் மறுபடி தெருவிலேயே. ஒரே வரிசை. டீக்கடையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்வரை போகிறது. தினகர் போனைத் தூக்கினான். இருபது பேர்தான் அடங்கினார்கள். நாலடி பின்னால் போனான். இருபத்தாறு. ரோட்டுக்கு வந்துவிட்டான், ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இன்னும் இரண்டடி. போனைக் குறுக்கே திருப்பினான், நிமிர்த்தினான், பஸ் ஒன்று அவனுக்காக நின்றது, டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டதை இங்கே எழுத முடியாது. அவன் பின்னால் போய்க்கொண்டே இருந்தான். நான் டீ கிளாசை வைத்துவிட்டு, துப்பட்டாவுக்கு மேலேயே கேமராவை எடுத்து, எல்லோரும் பார்க்க அவனை எடுத்தேன்.

“இன்னும் பின்னால போ தம்பி” என்று அம்மா கத்தினாள். “நாங்க முப்பத்தாறு பேரு!”